படைப்பு: இலையிலிருந்து ஏட்டுக்கு

காரைக்குடிப் பக்கம் யாராவது “நாளைக்கு எங்கள் வீட்டில் படைப்பு” என்று சொன்னால், கவிதை நூல் வெளியீடு என்று நினைத்துக்கொண்டு ஜோல்னாப் பையோடு போய் நிற்கக் கூடாது. அங்கே படைப்பு என்றால் முன்னோர்களுக்கு வைத்துக் கும்பிடுவது. செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் அதற்கென்றே படைப்பு வீடு உண்டு. பங்காளிகள் கூடுவார்கள். புது வேட்டி, சேலை வைத்து, தலைவாழை இலை போட்டு, சமைத்ததையெல்லாம் முன்னே வைத்து, இறந்துபோன பெரியவர்களை நினைத்துக் கும்பிடுவார்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதே சொல்தான் பத்திரிகையில் “படைப்புகளை அனுப்ப வேண்டிய முகவரி” என்று வருகிறது. கதை எழுதியவர், கவிதை எழுதியவர், ஓவியம் தீட்டியவர், படம் எடுத்தவர் எல்லாரும் இன்று படைப்பாளி. அவர்கள் செய்தது படைப்பு. இலையில் வைத்த சோற்றுக்கும் இதழில் வந்த சிறுகதைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் படைத்தல் என்ற வினையை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கும் இது பல வேலை செய்கிறது. கடவுள் உலகத்தைப் படைத்தார். கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டிப் படைத்தார்கள். பணம் படைத்தவர்களுக்கு ஒரு நியாயம், இல்லாதவர்களுக்கு ஒரு நியாயம். உண்டாக்குவது, முன்னே வைப்பது, கைவசம் வைத்திருப்பது என்று மூன்று பொருள். நான்காவதாக, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர் ‘சாதனை படைத்தார்’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. இது பின்னால் வந்த வழக்கு. தலைப்பு போடும் அவசரத்தில் நிலைத்துவிட்டது.

சங்கப் பாட்டில் படைப்பு என்ற பெயர்ச்சொல்லுக்கு அழகான ஓர் இடம் இருக்கிறது. புறநானூற்று 188-ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. “படைப்புப் பல படைத்துப் பலரோடு உண்ணும் உடைப்பெருஞ் செல்வர் ஆயினும்” என்று தொடங்கும். இங்கே படைப்பு என்பதற்கு உரைகாரர்கள் செல்வம் என்று பொருள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தச் செல்வம் பாட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: பலரோடு உண்ணும் பந்திக்குப் பக்கத்தில். அடுத்த அடிகளில் ஒரு குழந்தை குறுகுறுவென்று நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. அந்தக் குழந்தை இல்லாவிட்டால் எத்தனை படைப்பு இருந்து என்ன என்கிறான் அரசன். படைப்பு என்ற சொல்லைச் சுற்றி அன்றே சோற்று வாசனை அடித்திருக்கிறது.

உலகத்தை உண்டாக்கியவன் என்ற பொருளும் அதே தொகையில் இருக்கிறது. 194-ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு கேட்கிறது. இப்படி ஓர் உலகத்தைச் செய்து வைத்தவனை என்ன சொல்வது? “படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்” என்கிறார் புலவர். தமிழில் படைப்பாளி ஒருவன்மீது எழுதப்பட்ட மிகப் பழைய விமரிசனங்களில் ஒன்று இது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காட்டமான விமரிசனமும்கூட.

வள்ளுவர் இதே கோபத்தை வேறு வினையில் வைத்தார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் “பரந்து கெடுக உலகியற்றியான்” என்றார். இயற்றியான் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உலகத்தை இயற்றியவன். நாம் இன்று ‘இந்தப் பாடலை இயற்றியவர்’ என்று சொல்கிறோமே, அதே வினை.

அப்படியென்றால் பழைய காலத்தில் எழுதுபவரைப் படைப்பாளி என்று சொன்னார்களா? இலக்கண நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நூலுக்கு முன்னுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. அதில் முதலில் வருவது “ஆக்கியோன் பெயரே”. ஆக்கியோன், அதாவது ஆக்கியவன். இந்த ஆக்குதலை எங்கள் ஊர்ப் பக்கம் தினமும் கேட்கலாம்: “சோறு ஆக்கியாச்சா?” ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது பழமொழி. உலையில் அரிசி வேகிறவரை காத்திருந்தவனால், வெந்த சோறு ஆறுகிறவரை காத்திருக்க முடியவில்லை. எழுத்தாளருக்கும் சமையல்காரருக்கும் தமிழ் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறது.

சமைத்தலும் அப்படித்தான். இன்று அது அடுப்படிக்கு மட்டுமே உரிய சொல் போலத் தோன்றுகிறது. ஆனால் ‘புதிய வரலாறு சமைப்போம்’ என்று மேடையில் முழங்குகிறவரை யாரும் கரண்டியோடு கற்பனை செய்வதில்லை. உருவாக்குவது, கட்டுவது எல்லாம் அதன் பழைய பொருள்களே. ஆக, ஆக்கு, சமை, படை. முதலிரண்டும் அடுப்பில் நடப்பவை, மூன்றாவது இலையில் நடப்பது. உண்டாக்குவதைச் சொல்லத் தமிழ் எடுத்துக்கொண்ட வினைகளில் மூன்று ஒரே வீட்டின் சமையற்கட்டில் இருக்கின்றன. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பச்சையாக இருந்ததைப் பக்குவம் மாற்றி இன்னொருவர் முன் வைப்பதைப் போல மனிதர்கள் தினமும் பார்க்கும் உண்டாக்கல் வேறு எது?

எழுத்துக்குரிய மற்ற சொற்கள் சமையற்கட்டுக்கு வெளியே, கைத்தொழில்களிலிருந்து வந்தவை. செய்யுள் என்பது செய் என்ற வினையிலிருந்து வந்தது. செய்யப்பட்டது என்பதற்கு மேல் அதில் பெருமை எதுவும் இல்லை. யாப்பு என்பது கட்டுவது. தொடை என்பது தொடுப்பது, பூத் தொடுக்கிறோமே அதுதான். கோவை கோத்தது, மாலை சொல்லவே வேண்டாம். இன்று ‘ஃபிக்‌ஷன்’ என்பதற்குப் புனைவு என்கிறோம். புனைதலும் ஒரு காலத்தில் அழகுபடச் செய்யும் கைவேலைக்கான சொல். “கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு” என்கிறது திருமுருகாற்றுப்படை. கையால் புனைந்து செய்யப்படாத, இயற்கையாகவே அமைந்த அழகு என்று பொருள். அப்படியானால் மற்ற அழகெல்லாம் கை புனைந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நூல். புத்தகத்தையும் தையல் நூலையும் ஒரே சொல்லால் சொல்கிறோமே, ஏன்? இந்தக் கேள்வியைப் பழைய ஆசிரியர்களே கேட்டு, இரண்டு பதில்களையும் தந்திருக்கிறார்கள். பவணந்தி முனிவரின் நன்னூலில் அவை வெண்பாக்களாக இருக்கின்றன.

ஒரு வெண்பா நூல் நூற்பதைக் காட்டுகிறது.

“பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச்
செஞ்சொற் புலவனே சேயிழையா எஞ்சாத
கையேவா யாகக் கதிரே மதியாக
மையிலா நூல்முடியு மாறு.”

சொற்கள்தான் பஞ்சு. அவற்றிலிருந்து வரும் பனுவல்தான் இழை. புலவனின் வாய்தான் நூற்கிறவளின் கை. சுற்றுகிற கதிர் அவன் அறிவு. சரி, புலவன் யார்? சேயிழை, அதாவது பெண். இலக்கணம் எழுதிய துறவி ஒருவர் புலவனுக்கு உவமை தேடும்போது, அரசனையோ பிரமனையோ எடுக்காமல், தக்களியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார். அந்தக் காலத்து வீட்டுத் திண்ணைகளில் யார் நூற்றார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பனுவல் என்ற சொல்லின் பயணமும் அங்கேயே இருக்கிறது. புறநானூற்று 125-ஆம் பாட்டில் “பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன” என்று வருகிறது. பருத்தி நூற்கும் பெண் அடித்துப் பக்குவப்படுத்தி வைத்த பஞ்சு போன்றது என்று அர்த்தம். எது அப்படி இருந்தது? நெருப்பில் வாட்டி எடுத்த கொழுத்த இறைச்சித் துண்டு! மறுபடியும் சாப்பாடு. பன்னுதல் என்றால் பஞ்சைத் திரும்பத் திரும்ப அடித்து மென்மையாக்குவது. திரும்பத் திரும்பச் சொல்வதும் பன்னுதல்தான். “அதையே பன்னிப் பன்னிச் சொல்லாதே” என்று வீட்டில் திட்டும்போது நாம் பயன்படுத்துவது பஞ்சுக்காரியின் வினை. பஞ்சுக்குப் பெயராக இருந்த பனுவல் பிறகு நூலுக்குப் பெயராகி, இன்றைய விமரிசகர்களிடம் வந்து ‘டெக்ஸ்ட்’ என்பதற்கான கலைச்சொல்லாக நிற்கிறது. அந்த ‘டெக்ஸ்ட்’ லத்தீனில் நெய்தலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. கலைச்சொல் ஆக்கியவர் இதை யோசித்தாரோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

இரண்டாவது வெண்பா தச்சுப் பட்டறைக்குப் போகிறது. மரத்தின் கோணலைத் தீர்ப்பது நூல். அதேபோல மனிதர் மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல். “மனக்கோட்டம் தீர்க்கும் நூல் மாண்பு” என்று முடியும். தச்சர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கயிற்றில் காவியோ கரியோ தோய்த்து, பலகையின் இரண்டு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் இரண்டு விரலால் தூக்கிப் பட்டென்று விடுவார். பலகையில் ஒரு நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் கோணல்; இழைத்துத் தள்ள வேண்டியது. ‘நூல் பிடித்தாற்போல’ என்று நாம் சொல்வது இந்தக் கயிற்றைத்தான். தச்சர்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கையும் நூல் என்றுதான் சொல்வார்கள். சமஸ்கிருதத்திலும் சூத்திரம் என்றால் கயிறு, இழை. இலக்கண விதியும் சூத்திரம். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொற்களில் எதிலுமே ‘இல்லாததிலிருந்து உண்டாக்குவது’ என்ற எண்ணம் இல்லை. பஞ்சு முன்பே இருக்கிறது, மரம் முன்பே இருக்கிறது, பூ, அரிசி எல்லாமே இருக்கின்றன. எழுதுபவர் அவற்றை வாங்கிப் பக்குவம் செய்கிறார். முதல் நூல் எது என்று சொல்லும்போதுகூடத் தொல்காப்பியம், “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது” என்கிறது. உலகின் முதல் நூலையே படைத்தது என்று சொல்லாமல் கண்டது என்று சொல்லியிருக்கிறது. அதற்குப் பின் வருவதெல்லாம் வழிநூல். அந்த வழிநூலுக்கு நான்கு வழிகள்: தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் செய்வது, மொழிபெயர்ப்பது. மொழிபெயர்ப்பாளரை இன்று அட்டையில் சின்ன எழுத்தில் போடுகிறோம். தொல்காப்பியம் அவருக்கு நூல் செய்தவர்களின் வரிசையிலேயே இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொன்ன வார்த்தையையே பொன்போலப் போற்றி எடுத்துக்கொள்வோம் என்கிறது. இன்றைய சமூக ஊடகத்தில் இப்படிச் சொன்னால் திருட்டு என்று திரைப்பிடிப்பு போட்டுவிடுவார்கள்.

கம்பன் நிலையும் அதுதான். வால்மீகி சொன்ன கதையைத் தான் சொல்லப் போவதை, பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று போய் நின்ற பூனைக்கு ஒப்பிட்டுக்கொள்கிறான். அவையடக்கம் என்பது வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அந்தச் சம்பிரதாயம் ஒரு கொள்கையோடு பொருந்தி வருகிறது.

அப்படியென்றால் எழுதுபவர் எப்போது பிரமனாக ஆனார்? இந்த மாற்றம் நவீன காலத்தது. ஆங்கிலத்தின் ‘கிரியேட்டிவ்’ என்ற சொல் இங்கே வந்து சேர்ந்தபோது, அதற்கு ஈடாக முதலில் எடுத்துக்கொண்ட சொல் சிருஷ்டி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நடுப்பகுதியிலும் வந்த இலக்கியக் கட்டுரைகளைப் புரட்டினால் ‘சிருஷ்டி இலக்கியம்’, ‘சிருஷ்டிகர்த்தா’ என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சிருஷ்டியில் சோறும் இல்லை, பஞ்சும் இல்லை. அது நேராகப் பிரமனின் தொழில். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற வரிசையில் முதலாவது.

பிறகு தனித்தமிழ் உணர்வு வலுத்தது. வடசொல் இருந்த இடங்களில் தமிழ்ச் சொல் உட்கார்ந்தது. சிருஷ்டியின் நாற்காலி படைப்புக்குக் கிடைத்தது. இந்த மாற்றம் எவ்வளவு பரவலாக நடந்தது என்பதற்கு விவிலியத்தின் முதல் வரி நல்ல சாட்சி. பழைய மொழிபெயர்ப்பில் “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்” என்று இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் கடவுள் விண்ணுலகையும் மண்ணுலகையும் ‘படைத்தபொழுது’ என்கிறது. ஆதியாகமம் தொடக்கநூல் ஆயிற்று. தேவாலயத்தில் நடந்தது இலக்கிய இதழ்களிலும் நடந்தது. சிருஷ்டி இலக்கியம் படைப்பிலக்கியம் ஆயிற்று, சிருஷ்டிகர்த்தா படைப்பாளி ஆனார்.

சொல் மாறினாலும் சிருஷ்டியின் தலைக்கனம் மட்டும் அப்படியே இடம் மாறி வந்துவிட்டது என்பது என் எண்ணம். படைப்பு என்றதும் நமக்கு இலை ஞாபகம் வருவதில்லை, நான்கு முகம்தான் ஞாபகம் வருகிறது. 1963-இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் கண்ணதாசன் தானே திரையில் தோன்றும் பாட்டு ஒன்று உண்டு. “நான் படைப்பதனால் என் பேர் இறைவன்” என்று அதில் எழுதினார். இந்த நூற்றாண்டுகால மாற்றத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்த சிறுகூடல்பட்டி செட்டிநாட்டு ஊர். சின்ன வயதில் அவர் காதில் விழுந்த படைப்பு இலை போட்ட படைப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கடல் தாண்டினால் வழக்கு கொஞ்சம் மாறுகிறது. இலங்கையில் ‘ஆக்க இலக்கியம்’ என்பது நன்றாக வேரூன்றிய தொடர். இங்கே ‘படைப்புகளை அனுப்புங்கள்’ என்று கேட்கும் இடத்தில் அங்கே ‘ஆக்கங்களை அனுப்புங்கள்’ என்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் அது அரசாங்கச் சுற்றறிக்கை போலக் கேட்கும். ஆனால் நன்னூலின் ஆக்கியோனுக்கு நேர் வாரிசு அந்தச் சொல்தான். எனக்குக் கேட்டால், இரண்டில் அதற்கே ஓட்டுப் போடுவேன். உட்காருவதற்குச் சிம்மாசனம் கேட்காத சொல். சிலர் இரண்டையும் விடமனமில்லாமல் ‘படைப்பாக்கம்’ என்று ஒட்டிவிட்டார்கள். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் பெயர் படைப்பாக்கப் பொதுமங்கள். நடு சென்டர் என்பதைப் போல இருந்தாலும், பழகிவிட்டது.

சட்டத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படுவதில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ‘ஒர்க்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. ‘ஒர்க்’ என்றால் வேலை. வேலை செய்தவர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்தபின் 60 ஆண்டுகளும் பொதுவாக எழுத்தின்மீது உரிமை இருக்கும். அதைத் தமிழில் எழுதும்போது வேலை என்று எழுத நமக்குக் கை வரவில்லை; படைப்பு என்று எழுதுகிறோம். தமிழக அரசு எழுத்தாளர்களின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கும்போது மட்டும் ஏனோ பழைய சொல்லையே வைத்துக்கொண்டது: நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள்.

சங்கப் புலவர்கள் சிலருக்கு இந்த உரிமைப் பிரச்சினையே வரவில்லை, பெயரே மிஞ்சவில்லை. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டில் செம்மண் நிலத்தில் விழுந்த மழைநீர் உவமையாக வருகிறது. எழுதியவர் யார் என்று தெரியாததால் செம்புலப்பெயல்நீரார் என்று அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். பாட்டு தன்னை எழுதியவருக்குப் பெயர் வைத்திருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு சொல் வந்திருக்கிறது, ‘கன்டென்ட்’. பாத்திரத்துக்குள் இருப்பது என்ற அளவில் அதுவும் அடுக்களைக்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் பசியைக் கிளப்புவதாகத் தெரியவில்லை. பேச்சில் ஜனங்கள் படைப்பும் சொல்வதில்லை, ஆக்கமும் சொல்வதில்லை. நாடகம் போட்டார்கள், இளையராஜா மெட்டுப் போட்டார், வாசலில் கோலம் போட்டாள், கதை ஒன்று எழுதிப் போட்டிருக்கிறேன் பாருங்கள் என்பார்கள். கேட்டவர் “சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், சோறு போட்டாச்சு” என்று எழுந்து போவார்.